தப்பாகச் செய்து காட்டியவள்

யாரைக் கூப்பிடுவது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன், என் வகுப்புப் பையன் பிரகதீஷைத்தான், ஆனால் அவன் இன்றைக்கு வரவில்லை, வராதவனை எப்படிக் கூப்பிடுவது, ஒரு கையில் மைக், இன்னொரு கையில் இந்தக் காலி இன்ஹேலர், எதிரே பிரேயர் ஹால் முழுக்கப் பிள்ளைகள், நாற்காலியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜசுலோச்சனா மேடம், அவருக்குப் பக்கத்தில் விசிலை விரலில் சுற்றிக்கொண்டு பி.இ.டி. மரியதாஸ் சார், எல்லோரும் நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என் மூச்சை மட்டும் மைக் வாங்கி ஹால் முழுக்க விட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சிரைப்பைப் பற்றிப் பேச வந்தவருக்கே மூச்சிரைக்குது என்று கடைசி வரிசையில் ஒருவன் இந்நேரம் சொல்லியிருப்பான். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட வேண்டும், அது இந்தப் பயிற்சியின் முறை. மதுரையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டர் அம்மா அப்படித்தான் சொன்னார், ஒரு பிள்ளையக் கூப்பிட்டுக் கையில கொடுங்க, கண்டிப்பாத் தப்பாத்தான் செய்யும், அதை எல்லார் முன்னாலயும் திருத்துங்க, நீங்க சொன்னதெல்லாம் மறந்துபோகும், அந்தத் தப்பு மட்டும் மறக்காது. அவர் சொன்னது உண்மை. அங்கே அவர் கூப்பிட்ட பிள்ளை நான்தான். மூச்சை வெளியே விடாமல் நேராக வாயில் வைத்து அழுத்திவிட்டேன், அத்தனை பள்ளி ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அன்று முழுவதும் காது சூடாகவே இருந்தது, சாப்பாட்டு இடைவேளையில் யாரோடும் உட்காராமல் தனியாகத் தயிர்சாதத்தை விழுங்கினேன். அதற்குப் பிறகு அறையில் கண்ணாடி முன் நின்று எத்தனையோ தடவை பழகிவிட்டேன். மூடியைக் கழற்று, குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயில் வை, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழு, பிடித்துக்கொள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இப்போது யாராவது ஒருவர் தப்பாகச் செய்தால்தான் நான் சரியாகச் செய்பவன் ஆக முடியும்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கேட்டேன், யாருக்கெல்லாம் வீசிங் இருக்கு, கை தூக்குங்க என்று. கேட்டிருக்கக் கூடாது. ஒரு கைகூட எழவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் இது, ஜன்னல் கம்பி வலையில் பஞ்சு வெள்ளைத் தாடி மாதிரி தொங்குகிறது, பகலெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும், இங்கே ஒருவருக்கும் இழுப்பு இல்லையாம். ஏழாம் வகுப்பில் ஒரு பையனுக்கு இருந்தது. அவன் மூச்சு விடும்போது வரும் சத்தத்துக்காக அவனுக்கு ஆர்மோனியம் என்று பெயர் வைத்தார்கள், அவன் உள்ளே வந்தாலே யாராவது ச ரி க ம பாடுவார்கள், சில ஆசிரியர்கள்கூடச் சிரித்தார்கள், போன வருஷம் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் நினைவில்தான் இத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்களுக்காகத்தானே படித்துப் படித்து வந்திருக்கிறேன், ஒரு கை எழுந்தால் என்ன என்று. அந்த டாக்டர் அம்மா தறித் தூசியைப் பற்றிச் சொல்லிவிட்டு, இங்க யாராவது தறி ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா என்று கேட்டபோது நான் கை தூக்கவில்லை. அது வேறு, அப்பா நூல் மூட்டை சுமப்பவர், அம்மா வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் மடிப்பவள், அதையெல்லாம் அங்கே யார் கேட்டார்கள், ஊரைத்தான் கேட்டார்கள், ஊரைச் சொன்னால் அடுத்து வீட்டைக் கேட்பார்கள். சரி. இப்போது கூப்பிட வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, தப்பாகச் செய்து எல்லோரும் சிரித்தால் அதற்கு ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கூடம் வரப் பிடிக்காது, எனக்கு அது தெரியும். சிரிப்பைத் தாங்குகிற பிள்ளையாக வேண்டும், நன்றாகப் படிக்கிற, தைரியமான பிள்ளை. முதல் வரிசையில் ஜெயதுர்கா. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் லீடர், என் வகுப்புப் பிள்ளை, எப்போதும் முதல் ரேங்க், போன வாரம்கூடக் கரும்பலகையில் நான் செய்த கூட்டல் தவறைப் பின்னால் வந்து ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனவள். நான் எவ்வளவு யோசித்து, எவ்வளவு கவனமாக அவளைத் தேர்ந்தெடுத்தேன். ஜெயதுர்கா, இங்க வாம்மா என்றேன்.

அவள் எழுந்தாள், தாவணி ஓரத்தைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்தாள், நான் இன்ஹேலரை நீட்டி, இது எப்படிப் பிடிக்கிறதுன்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க, உனக்குத் தோணுற மாதிரி செஞ்சு காட்டு என்றேன், மதுரையில் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவள் வாங்கினாள். வாங்கின வேகத்திலேயே கட்டைவிரல் மூடியைத் தட்டிக் கழற்றிவிட்டது, மூடி கீழே விழாமல் சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது, கை அதைக் குலுக்கியது, தலை ஒரு பக்கம் திரும்பி உதடு குவிந்து மூச்சை வெளியே விட்டது, எல்லாம் ஒரே ஓட்டத்தில், பேனா மூடியைக் கழற்றி எழுத ஆரம்பிப்பதைப் போல. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. கை வாய்க்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான், அட, உனக்கு, என்று ஆரம்பித்துவிட்டேன், மைக்கில், அந்த இரண்டு வார்த்தையும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தன, மூன்றாவது வார்த்தையை விழுங்கினேன். விழுங்கினேனா, உண்மையில் விழுங்கினேனா, இல்லை, வாய் அசைந்திருக்குமா. கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், அது ச என்று ஆரம்பிக்கப் போகிறதா என்று அந்தப் பக்கம் பார்த்தேன். இவளுக்கு இருக்கிறது. வருஷக்கணக்காக இருக்கிறது, இல்லையென்றால் கைக்கு இவ்வளவு பழகியிருக்காது. யாருக்கும் தெரியாது, வகுப்பாசிரியனான எனக்கே தெரியாது. இவளை நான் மேடையில் ஏற்றி, எல்லோரும் பார்க்க, கையில் அதைக் கொடுத்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும், சரி போதும்மா, போய் உட்காரு என்று சொன்னால்கூடப் போதும், ஆனால் ஏன் போதும் என்று எல்லோரும் நினைப்பார்களே, அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே. அந்த நேரத்தில் அவள் ஒன்று செய்தாள். இன்ஹேலரைத் தலைகீழாகத் திருப்பி, கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் சென்ட் அடிப்பது போல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அடித்துக்கொண்டாள்.

ஹால் வெடித்துச் சிரித்தது. மரியதாஸ் சார் தொடையில் தட்டிச் சிரித்தார். ராஜசுலோச்சனா மேடம், ஏய் ஜெயா, கிளாஸ் லீடர், இதுகூடத் தெரியலியா உனக்கு என்று நாற்காலியிலிருந்தே கேட்டார், அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஜெயதுர்காவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோளைக் குலுக்கி, ஒன்றும் தெரியாத பிள்ளை சிரிக்கிற மாதிரியே. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அவளைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததும் இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல் வந்த வேகத்திலேயே காது சூடாயிற்று. இனி என் முறை. தப்பும்மா, இது சென்ட் இல்ல என்றேன், மறுபடி சிரிப்பு. நேராப் பிடி. அவள் படுக்கவைத்துப் பிடித்தாள். இப்படி இல்ல, இப்படி. குலுக்கு. அவள் இன்ஹேலரை விட்டுவிட்டு இடுப்பைக் குலுக்கினாள், பெண்கள் பக்கத்தில் கத்தினார்கள். மூச்சை வெளியே விடு. அவள் உள்ளே இழுத்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படியிலும் ஒரு தப்பு. ஒவ்வொன்றும் சரியாக, பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று டாக்டர் அம்மா சொன்ன இடத்திலேயே, அவற்றையெல்லாம் அவள் எங்கே கற்றாள், முதன்முதலில் எங்கோ ஒரு மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்த தப்புகளாக இருக்கும். நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவளுக்குத் தெரிந்ததை அவளுக்கே சொல்லிக்கொடுத்தேன், என் குரல் நன்றாக இருந்தது, இதுவரை எந்த மேடையிலும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை, மேடம் தலையாட்டி ரசிக்கிறார், ஹால் முழுவதும் என் கையையே பார்க்கிறது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருந்தது. அதை எப்படி இல்லையென்று சொல்வேன். கடைசியில் அவள் ஏதோ ஓரளவுக்குச் சரியாகச் செய்தாள், வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக, எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து நான் சொல்ல வேண்டிய வரி எனக்குத் தெரியும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. அதை விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது, ஆனால் அதை விட்டால் இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது. சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல, கண்ணாடி போடுற மாதிரிதான் இதுவும். எனக்குப் பக்கத்தில் நின்று அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் மைக்கிலிருந்து வருகிறது என்று நினைத்தேன், மெல்லிய விசில் போல, ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் காற்று நுழைகிற மாதிரி. அவளிடமிருந்து வந்தது. அவ்வளவு சிரித்தாள், மூச்சைப் பிடித்து நின்றாள், மேடைக்குப் பின்னால் ஜன்னல் திறந்துகிடக்கிறது, பஞ்சு பறக்கிறது. மைக் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது, நான் அதை மார்போடு சேர்த்துக் கையால் மூடிக்கொண்டேன். அவள் இன்னும் சிரித்த முகத்தோடுதான் நின்றாள், ஆனால் தோள் ஏறி இறங்குகிறது, கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகிறது. கையில் இருப்பது காலி, காற்றைத் தவிர அதில் ஒன்றும் வராது, பயிற்சிக்கென்றே கொடுத்தது. அவளுடையது அவள் பையில் இருக்கும், பை மாடியில் ஒன்பது பி-யில் இருக்கும். ஜெயா, என்றேன், மாடியில நம்ம கிளாஸ்ல என் மேஜை டிராயர்ல ஒரு சார்ட் இருக்கு, எடுத்துட்டு வா. சார்ட் எதுவும் இல்லை. தினமும் அந்த மேஜையைத் துடைத்து அடுக்குபவள் அவள்தான், இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஒரு நொடி பார்த்தாள், சரிங்க சார் என்றாள், இறங்கினாள். பையன்கள் பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து, சார் நான் ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன் சார் என்றான், மரியதாஸ் சாரும், பயல அனுப்புங்க சார், அது ஆடி அசைஞ்சு போகும் என்றார். வேண்டாம் சார், எடம் அவளுக்குத்தான் தெரியும் என்றேன். அவள் வாசலைத் தாண்டினாள். ஓடவில்லை, மெதுவாகத்தான் போனாள், வாசல் தூணில் ஒரு தடவை கை வைத்தாள்.

நான் பேச்சைத் தொடர்ந்தேன். இழுப்பு வந்த பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, நேராக உட்கார வைக்க வேண்டும், சுற்றி நின்று காற்றை மறைக்கக் கூடாது, எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. சொல்லிக்கொண்டு வரும்போதே வாய் நின்றுவிட்டது. இதை நான் சொல்கிறேன். மாடிக்கு அவளைத் தனியாக அனுப்பிவிட்டு இதைச் சொல்கிறேன். படி ஏற வேண்டும், நன்றாக இருப்பவர்களுக்கே மூச்சு வாங்குகிற செங்குத்துப் படி, மாடியில் ஒருவரும் இல்லை, மொத்தப் பள்ளிக்கூடமும் இங்கே என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் விழுந்தால் யாருக்கும் கேட்காது, தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. போகலாம், மைக்கை வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் போனால் ஏன் போனார் என்று கேட்பார்கள், என்ன சொல்வேன், அவள் அவ்வளவு சிரிப்பையும் வாங்கிக்கொண்டது எதற்காக, நான் ஓடினால் எல்லாம் வீண். ஒரு டீச்சரை அனுப்பலாம், ஆனால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வந்துவிடுவாள், வாசலையே பார்க்கிறேன், வாசலில் வெயில் மட்டும் இருக்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி, என்று ஏதோ சொல்கிறேன். எனக்கு அவளுடைய உயிரைப் பற்றிப் பயமா, இல்லை நான் தனியாக அனுப்பினேன் என்று நாளைக்கு எல்லோரும் பேசுவார்களே அதைப் பற்றிப் பயமா. இரண்டும்தான், எது முதலில் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சார், ஒரு நிமிஷம் பாத்துக்குங்க என்று மரியதாஸ் சார் கையில் மைக்கைத் திணித்துவிட்டு நடந்தேன். வாசல் வரை நடந்தேன். பிறகு ஓடினேன்.

படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏறமுடியவில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, எதையோ எட்டிப் பிடிக்கிற மாதிரி மூச்சை எட்டிக்கொண்டிருந்தாள், உதடு வெளுத்திருந்தது. பை, என்றேன், அவள் விரலை மேலே காட்டினாள், சின்ன ஜிப்பு, என்றாள், இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு. இரண்டு இரண்டு படியாகத் தாவினேன், முதல் பெஞ்ச், பையைத் திறந்து சின்ன ஜிப்பைப் பிரித்தால் ஒரு துணிச் சுருக்குப்பை, அதற்குள் நீல இன்ஹேலர், பெயர் எழுதிய லேபிள் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. கீழே ஹாலில் மரியதாஸ் சார் நேரத்தைப் போக்குவதற்காகப் பிள்ளைகளை மூச்சுப் பயிற்சி செய்ய வைத்திருந்தார். இழு, பிடி, விடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசில். மொத்தப் பள்ளிக்கூடமும் இழுத்து, பிடித்து, ஹா என்று விடும் சத்தம் படிக்கட்டு வரைக்கும் வந்தது, அதற்கு நடுவில் இவள் என் கையிலிருந்து அதை வாங்கினாள், அழுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து வைத்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நான் ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. தோள் மெல்ல மெல்ல இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்ல தெரியுமா என்று கேட்டேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும் என்றாள். அம்மா பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் மருந்து வாங்கி வருகிறாளாம், இங்கே மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், அக்காவுக்கு இப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள், தங்கச்சிக்கு இழுப்பு என்றால் அக்காவுக்கும் இருக்கும் என்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இதே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவையும் படிக்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே விட்டு விட்டுச் சொன்னாள். நான், ஸ்கூல்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்மா, மேடத்துக்கிட்ட மட்டும் என்று ஆரம்பித்தேன். வேண்டாம் சார் என்றாள். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேடம் கேட்டா பீரியட்ஸ்னு சொல்லிருங்க சார். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு ஆண் வாத்தியாரிடம், அதுவும் என்னிடம், அந்த வார்த்தையை அவள் குரல் கொஞ்சமும் இறங்காமல் சொன்னாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களே அதைக் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைச் சொல்வது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் மற்றது அதைவிடப் பெரிது. நான் மேடையில் பல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்ன வரி நினைவுக்கு வந்தது. சரி என்றேன். என் மேஜையில் ஒரு இன்ஹேலர் எப்போதும் இருக்கட்டும், யாரும் பார்க்காமல் நான் வைத்துக்கொள்கிறேன், அதற்காவது ஒத்துக்கொள் என்றேன். அவள் யோசித்தாள். வச்சுக்குங்க சார் என்றாள். பிறகு, எழுந்திருக்கும்போது, "ஆனா இனிமே என்னைய இப்பப் பாக்குற மாதிரி பாக்காதீங்க சார். கிளாஸ்ல எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க."

நாங்கள் தனித்தனியாக ஹாலுக்குள் போனோம், அவள் கொஞ்சம் முன்னால், நான் பின்னால். மேடம் என்னை அருகில் கூப்பிட்டு, என்னாச்சு அந்தப் பிள்ளைக்கு, நீங்க ஏன் ஓடுனீங்க என்றார். அவள் சொல்லச் சொன்னதையே சொல்லிவிட்டேன். மேடம் உடனே புரிந்த முகத்தோடு தலையாட்டினார், நீங்க ஒரு டீச்சர அனுப்பியிருக்கலாமே வேல்மயில் சார் என்றார் மெதுவாக, மரியதாஸ் சார் காதில் விழாதது போலக் கூரையைப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லி முடித்ததும் என் மூச்சு லேசாகிவிட்டது, அவ்வளவு லேசாக எதற்கு ஆக வேண்டும். மைக்கை வாங்கிக்கொண்டு மேடை ஏறினேன். அவள் முதல் வரிசைக்குப் போகவில்லை, பெண்கள் பக்கம் ஓரத்தில் எங்கோ உட்கார்ந்துவிட்டாள், எங்கே என்று தேடக் கூடாது. பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் மருந்து போட்ட பிறகும் கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும், மறுபடியும் இழுக்க ஆரம்பிக்கலாம், அதையும் நான்தான் இந்த மேடையில் சொல்ல இருந்தேன். பார்க்காமல் எப்படிக் கவனிப்பது. ஆகவே, தூசி அதிகமுள்ள இடங்களில் என்றேன், நிறுத்தினேன், அந்தப் பக்கத்திலிருந்து விசில் மாதிரி ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். தறிச் சத்தம். ஒரு இருமல், அது அவளுடையது இல்லை. மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது என்றேன், மறுபடி நிறுத்தினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு மறந்துருச்சு என்று யாரோ கிசுகிசுத்தார்கள், சிரிப்பு மெல்ல வரிசை வரிசையாகப் பரவியது, மரியதாஸ் சார் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, குளிர் காலத்துல, குளிர் காலத்துல, என்று எனக்கு எடுத்துக்கொடுத்தார். மறக்கவில்லை, ஒரு வரிகூட மறக்கவில்லை. குளிர் காலத்துல என்றேன். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் நிறுத்தி அந்தப் பக்கம் காதைக் கொடுத்தேன்.